எரர் வரவில்லை என்றால் வேலை முடிந்ததா?

கேள்வி: ஓசூரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பைத்தான் கோடில் பயன்படாத மாறி, அறிவிக்காத பெயர் போன்றவற்றைப் பிடிக்க ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவி வைத்திருக்கிறோம். சீனியர் அண்ணன் ஒருவர் அதில் எங்களுக்கென்று சில விதிகளையும் எழுதிச் சேர்த்தார். இப்போது அவர் வேறு கம்பெனியில் இருக்கிறார். கருவி பைத்தான் 3.7-இல் ஓடுகிறது. ஆபீஸ் முழுக்க 3.14-க்கு மாறப்போகிறது, அதில் போட்டால் ‘இம்ப் மாட்யூல் இல்லை’ என்று ஆரம்பத்திலேயே விழுகிறது. மூல ஆசிரியர் பல வருடமாகத் தொடவில்லை. பழைய பைத்தானிலேயே ஓட்டிக்கொள்ளலாமா, மாற்றியே ஆக வேண்டுமா? நான் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தவள். கம்பைலர் பாடமெல்லாம் படித்ததில்லை. என்னால் முடியுமா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: பழையதிலேயே ஓட்டுவது ரொம்ப நாள் தாங்காது. இந்த மாதிரிக் கருவிகள் பெரும்பாலும் சொந்தமாகப் பார்சர் (கோடைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும் பகுதி) வைத்துக்கொள்வதில்லை. தாங்கள் ஓடுகிற பைத்தானின் ஏஎஸ்டி மாட்யூலிடம் கோப்பைக் கொடுத்து, அது தருகிற மரத்தைத்தான் (கோடின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முனையாகக் கிளைபிரிந்து நிற்கும் அமைப்பு) அலசுகின்றன. உங்கள் டீமில் யாராவது 3.10-இல் வந்த மேட்ச் வாக்கியத்தை எழுதிய அன்றைக்கே, 3.7-இல் ஓடும் கருவி ‘சின்டாக்ஸ் எரர்’ என்று நின்றுவிடும். 3.7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவதும் 2023 ஜூனோடு முடிந்துவிட்டது.

இம்ப் பிரச்சினை பெரிதில்லை. 3.12-இல் அதை எடுத்துவிட்டார்கள், டிஸ்ட்யுட்டில்ஸும் அதோடு போனது. மாட்யூலை ஏற்றுவதற்கு இம்ப் செய்த வேலையை இம்போர்ட்லிப் செய்யும். கலெக்‌ஷன்ஸிலிருந்து நேராக மேப்பிங் எடுக்கிற வரி இருந்தால் அது 3.10-இலேயே செல்லாது, கலெக்‌ஷன்ஸ் ஏபிசி என்று மாற்றுங்கள். இப்படி நின்று கத்துகிற எரர்களையெல்லாம் ஓரிரு நாளில் முடித்துவிடுவீர்கள்.

எனக்குப் பயம் கத்தாதவற்றைப் பற்றித்தான். பழைய மரத்தில் எண்ணுக்கு ‘நம்’, சரத்துக்கு ‘ஸ்ட்ர்’ என்று தனித்தனி முனைகள் இருந்தன. 3.8-இலிருந்து எல்லாமே ‘கான்ஸ்டன்ட்’. ஆனாலும் எண் முனை வரும்போது கூப்பிடுவதற்காக ‘விசிட் நம்’ என்று எழுதிய பழைய மெத்தடை 3.13 வரை பைத்தானே இரக்கப்பட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 3.14-இல் அந்த ஏற்பாடு இல்லை. மெத்தட் அப்படியே இருக்கும், யாரும் கூப்பிட மாட்டார்கள், எரரும் வராது. ஓசூர் எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் ஒரு நாள் ஆளே இல்லை என்று வையுங்கள். அன்றைய பதிவேட்டில் பிடிபட்ட வண்டி ஒன்றும் இருக்காது. உங்கள் அண்ணன் எழுதிய விதிகளில் எண்ணையோ சரத்தையோ பார்ப்பவை இருந்தால், அவற்றின் கதி இதுதான்.

அதனால் கோடில் கை வைப்பதற்கு முன்னால், பழைய 3.7-இல் கருவியை உங்கள் கம்பெனிக் கோடு முழுவதன் மீதும் ஓட்டி, வருகிற அறிக்கையை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு அதே கோடின் மீது ஓட்டி இரண்டையும் டிஃப் போடுங்கள், அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். காணாமல் போன ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும். புதிதாக முளைத்த வரிக்கும்தான்.

நேராக 3.14-க்குத் தாவாதீர்கள். முதலில் 3.13-இல் நிறுத்தி, வார்னிங்கையெல்லாம் எரராக்கும் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். 3.14-இல் போகப்போகிற நம், ஸ்ட்ர் எல்லாம் அங்கேயே மாட்டும். (மற்ற லைப்ரரிகளின் வார்னிங்கும் சேர்ந்து கொட்டும். அவற்றை விலக்கிவிடுங்கள்.)

மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. ‘நம்’ இருந்த இடத்தில் ‘கான்ஸ்டன்ட்டின் மதிப்பு இன்ட்டா?’ என்று எழுதத்தான் கை போகும். பைத்தானில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் இன்ட் வகைதான். பழைய மரத்தில் அவை ‘நம்’ ஆக வரவே வராது. எனவே பூலியனை முதலில் கழித்துவிட்டு அப்புறம் எண்ணா என்று கேளுங்கள்.

டிஃப் காட்டாத விஷயங்களும் உண்டு, ஏனென்றால் பழைய கோடில் புது இலக்கணமே இருக்காது. மேட்ச் வாக்கியத்தில் கேஸ் பிடிக்கிற பெயர், வழக்கமான ‘நேம்’ முனையாக வருவதில்லை. ‘மேட்ச்ஆஸ்’ முனைக்குள் வெறும் சரமாகக் கிடக்கும். கருவி அதைக் கவனிக்காமல், அடுத்த வரியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ‘அறிவிக்கவில்லை’ என்று புகார் சொல்லும். ஃபங்ஷனில் சாய்கோட்டுக்கு முன்னால் வரும் அளவுருக்களுக்கும் (பெயர் சொல்லாமல் வரிசையை வைத்தே மதிப்புக் கொடுக்க வேண்டியவை) 3.8-இலிருந்து தனிப் பட்டியல். அதைப் படிக்காத விதி எண்ணிக்கையில் தப்பும். டோக்கனை (கோடைப் பிரித்தால் வரும் சொல், குறி போன்ற சிறு துண்டு) வைத்து இடைவெளி பார்க்கும் விதி இருந்தால், மாறிகளை உள்ளேயே பொதிந்து எழுதும் எஃப்-ஸ்ட்ரிங்கைச் சோதியுங்கள். 3.12 முதல் அது ஒரே டோக்கனாக வராமல் துண்டு துண்டாக வருகிறது. உள்ளே இருக்கும் முக்காற்புள்ளிக்கெல்லாம் குறை சொல்ல ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் நாலு வரியில் ஒரு சோதனைக் கோப்பு எழுதி வையுங்கள்.

உங்களால் முடியுமா என்றால், முடியும். கம்பைலர் பாடத்தில் பெரும்பகுதி இங்கே தேவையே படாது. இரண்டு வரிக் கோடை ஏஎஸ்டியின் டம்ப் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, 3.7-இலும் 3.14-இலும் வரும் மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மாறியது என்று கண்ணுக்கே தெரியும்.

ஆனால் ஒன்று. அந்த அண்ணனின் விதிகள் நாலைந்துதான் என்றால் முழுக் கருவியையும் தூக்கிச் சுமக்காதீர்கள். பயன்படாத மாறியைப் பிடிக்க ரஃப், பைலின்ட் என்ற கருவிகள் இருக்கின்றன. சொந்த விதிகளை மட்டும் பைலின்ட் பிளக்கினாக எழுதிவிடலாம். ரஃப் ரஸ்ட் மொழியில் எழுதியது. அதில் உங்கள் விதியைச் செருக வழியில்லை. விதிகள் நிறைய என்றால் மாற்றுவதுதான் லாபம், அப்போதும் 3.7-ஐயும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். கோடெங்கும் பதிப்பைக் கேட்கும் இஃப்களாகிவிடும்.

லைசென்ஸ் கோப்பை ஒருமுறை படித்துவிட்டு, வேறு யாராவது ஏற்கெனவே ஃபோர்க் (மூலக் கோடின் தனி நகல்) எடுத்துத் திருத்தியிருக்கிறார்களா என்று தேடிவிட்டுத் தொடங்குங்கள். டிஃபில் காரணம் புரியாத வரிகள் மிஞ்சினால், அவற்றைக் குறித்துக்கொண்டு அந்த அண்ணனுக்கே போன் போடுங்கள். எந்தக் கோளாறைப் பார்த்து அந்த விதியை எழுதினார் என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.