சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. பதினைந்து வருடங்களாகச் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கடைசிப் பரிசோதனையில் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் அளவு) 26. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. ஆறு மாதமாகப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. வாய் நாற்றமும் இருக்கிறது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் பல் டாக்டர். ‘கிட்னி இருக்கிற நிலைமையில் அதெல்லாம் வேண்டாம்’ என்று வீட்டில் தடுக்கிறார்கள். அம்லோடிபின், டெல்மிசார்ட்டான், ஆஸ்பிரின் 75, நீர் பிரியும் மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கொள்கிறேன். ஈறு வலித்தால் மட்டும் டைக்ளோஃபெனாக் ஒன்று போட்டுக்கொள்வேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சிகிச்சை செய்துகொள்ளலாம், தள்ளிப்போடாமல் செய்துகொள்ள வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது ஈறு இல்லை, கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் டைக்ளோஃபெனாக். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பாதிக்கப்பட்ட சிறுநீரகம் தனக்குள் வரும் ரத்தக்குழாயை விரித்து வைத்துக்கொண்டுதான் சமாளிக்கிறது. அப்படி விரித்து வைக்க உதவும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதையே இந்த வகை வலி மாத்திரைகள் தடுத்துவிடும். ரத்த ஓட்டம் குறையும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறும். ரத்தக்கொதிப்பு மாத்திரையான டெல்மிசார்ட்டானும் நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மூன்றும் சேரும்போது சில நாட்களிலேயே சிறுநீரகம் சட்டென்று மோசமாகலாம். இபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக், கீட்டோரோலாக் எல்லாமே இதே குடும்பம்தான். பாராசிட்டமாலோடு இவற்றைக் கலந்த மாத்திரைகளும் கடையில் கிடைக்கும் என்பதால், அட்டையின் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஒரு நாளைக்கு எத்தனை என்பதை உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்லட்டும். இதுவரை எத்தனை டைக்ளோஃபெனாக் போட்டிருப்பீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று. சாதாரண ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பல் ஆடும்வரை பலர் கவனிப்பதே இல்லை. மாத்திரை போடும் அளவுக்கு வலிக்கிறது என்றால் எங்காவது சீழ் கட்டியிருக்கலாம், அல்லது ஒரு பல்லின் வேர் கெட்டிருக்கலாம். பல் டாக்டரிடம் வலிக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள்.

சரி, உங்கள் ஈறுக்கு வருவோம். இந்த நோய் உங்களைத் தேடி வந்ததற்குக் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. முதலாவது சர்க்கரை. இரண்டாவது எச்சில். சிறுநீரகம் வெளியேற்ற முடியாத யூரியா எச்சிலிலும் கலக்கிறது; வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. வாய் நாற்றத்தில் ஒரு பங்கு அதனால் வரலாம். பற்காரை (பல்லில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் அழுக்கு) வேகமாகப் படியவும் அது துணைபோகிறது. தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்கு வாய் வேறு காய்ந்துவிடும். மூன்றாவது அம்லோடிபின். சிலருக்கு இந்த மாத்திரையால் ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறி வளரும்; அந்த மடிப்புக்குள் பிரஷ் போகாது, அழுக்கு தங்கும். உங்களுக்கு ஈறு அப்படித் தடித்திருக்கிறதா என்று பல் டாக்டர் பார்க்கட்டும். இருந்தால் சிறுநீரக மருத்துவர் வேறு ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு மாற்ற முடியும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரகம்தான் முதலில் அடிவாங்கும்.

சிறுநீரக நோயில் ரத்தசோகை சேர்ந்துவிட்டால் ஈறு வெளிறிப்போகும். வழக்கமாகத் தெரியும் சிவப்பும் வீக்கமும் அவ்வளவாகத் தெரியாது. கண்ணாடியில் பார்த்து ‘ஈறு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று விட்டுவிடுவதற்கு இதுவும் காரணம். பல் டாக்டர் மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். 3 மில்லிமீட்டர் வரை சரி. 4, 5 என்று போனால் உள்ளே பை உருவாகிவிட்டது என்று பொருள். பிரஷ் எட்டாத அந்தப் பைக்குள்தான் கிருமிகள் குடியிருந்து எலும்பைக் கரைக்கின்றன.

வீட்டில் பயப்படும் அந்த ‘ஆழமான சுத்தம்’ இவ்வளவுதான்: ஈறை மரத்துப்போக வைத்து, வேரின் மேல் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பார்கள். முழு மயக்கம் கிடையாது. மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் ஊசி பெரும்பாலும் கல்லீரலில்தான் சிதைகிறது. வழக்கமான அளவில் சிறுநீரகத்துக்கு அது சுமை இல்லை. வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இரண்டு முதல் நான்கு தடவைகளில் முடிப்பார்கள். காலையில் வழக்கம்போலச் சாப்பிட்டு, இன்சுலினும் மாத்திரைகளும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ரத்தம் வருமே என்ற பயம் நியாயமானது. யூரியா கூடியிருக்கும்போது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் சரியாக இருந்தாலும் வேலையைச் சரியாகச் செய்யாது. அதோடு நீங்கள் ஆஸ்பிரின் வேறு எடுக்கிறீர்கள். ஆனாலும் இந்தச் சுத்தத்துக்காக ஆஸ்பிரினை நிறுத்துவது வழக்கமில்லை. பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கும் ரத்தம்தான் இது. ஆஸ்பிரினை நிறுத்தினால் இதயத்துக்கும் மூளைக்கும் வரக்கூடிய ஆபத்து இதைவிடப் பெரியது. முன்கூட்டியே ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) மூன்றையும் பார்த்துக்கொண்டால் பல் டாக்டருக்கும் தைரியமாக இருக்கும்.

ஆன்டிபயாடிக்? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது எழுதித் தருவார்கள் என்பதால் சொல்கிறேன். ஈறு நோய்க்கு மருந்து என்பது காரையை எடுப்பதுதான். முகவீக்கம், காய்ச்சல், பரவும் சீழ் இருந்தால்தான் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். அமாக்சிசிலின் கொடுப்பதானால், இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருக்கும் உங்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். பழைய டெட்ராசைக்ளின் உங்களுக்கு ஆகாது. கிளாரித்ரோமைசின் அம்லோடிபினோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். இதற்கெல்லாம் நீங்கள் பாடம் படிக்க வேண்டியதில்லை. சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவும் உங்கள் பையில் இருந்தால் போதும். ‘எனக்குக் கிட்னி பிரச்சினை, இ.ஜி.எஃப்.ஆர். 26’ என்று உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் மனதில் இருக்கக்கூடிய கேள்வி: ஈறு சரியானால் கிட்னி தேறுமா? தேறும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள், அது நிரூபிக்கப்படவில்லை. ஈறு சிகிச்சையால் உடலின் அழற்சி அளவு குறைவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி வரை குறைகிறது. சர்க்கரை குறைந்தால் சிறுநீரகத்துக்கு நல்லதுதானே. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்புத் தகவலை வைத்து 2016-இல் வந்த ஓர் ஆய்வில், சிறுநீரக நோய் உள்ளவர்களின் பத்தாண்டு இறப்பு விகிதம் 32 சதவீதமாகவும், அதோடு ஈறு நோயும் இருப்பவர்களுக்கு 41 சதவீதமாகவும் இருந்தது. ஈறுதான் அந்த இறப்புகளுக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இதைப் படித்த பிறகு, சிறுநீரக நோயாளியின் வாயைப் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

நீங்கள் இப்போதே செய்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணம் உண்டு. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் இதே வேலைக்கு நாள் பார்க்க வேண்டியிருக்கும். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள், அதனால் பல் சிகிச்சையை மறுநாளுக்கு வைப்பதுதான் பாதுகாப்பு. பிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைக்கும் வழி) போட்ட கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதற்கு முன்பும் வாயில் தொற்று இல்லை என்று பார்த்துவிடுவார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து தொடங்கிய பிறகு ஒரு சீழ்ப்பல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் துலக்குங்கள். ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவதுதான் பலர் செய்யும் தவறு. ரத்தம் வரும் இடம்தான் சுத்தம் கேட்கிறது. பல்லிடுக்குக்குச் சின்ன இடுக்கு பிரஷ் நல்லது. குளோர்ஹெக்சிடின் வாய்கொப்புளிக்கும் மருந்தைப் பல் டாக்டர் சொன்ன சில வாரங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்; அதிக நாள் போனால் பல்லில் கறை பிடிக்கும். உப்புநீரில் கொப்புளித்தால் ஒரு சொட்டும் விழுங்காமல் துப்பிவிடுங்கள். வாய் காய்ந்தால் சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் எச்சிலை ஊற வைக்கும், தாகமும் கொஞ்சம் அடங்கும். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடாமல் எந்தச் சுத்தமும் நிலைக்காது.

ஆடும் அந்த இரண்டு பற்கள் பற்றி இப்போதே முடிவு செய்ய வேண்டாம். கரைந்த எலும்பு பழையபடி முழுதாக வளராது, ஆனால் வீக்கம் வடிந்ததும் ஆட்டம் ஓரளவு குறையும். சுத்தம் முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பையின் ஆழத்தை மறுபடி அளப்பார்கள். எடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று அப்போது பார்க்கலாம். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு சுத்தமான துணியை அரைமணி நேரம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, முகமோ கழுத்தோ வீங்கினாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள், மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொண்டு.