கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி போட்டதிலிருந்து ரத்தப்போக்கு அதிகம். எடுக்கச் சொன்னால் ‘பழகிடும்’ என்கிறார்கள். எடுத்துவிடலாமா? எடுக்கும்போது வலிக்குமா?

எடுத்துவிடலாம். வலி, எனக்கு, ஒரு இருமல் நேரம்தான் இருந்தது. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

போட்டு ஐந்து மாதம், மாதம் எட்டு ஒன்பது நாள் படுகிறது, இடுப்பு விட்டுப்போகிறது, போட்ட இடத்திலேயே போய்ச் சொன்னதற்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை வைத்தே சொல்கிறேன், வீட்டில் இதை யாரிடமும் பேச முடியாமல்தான் இங்கே கேட்டிருக்கிறீர்கள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் போர்வைக்குள் ஃபோனை வைத்து டைப் செய்திருப்பீர்கள். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். காப்பர் டி கெட்டது, யாரும் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என் நாத்தனார் ஒன்பது வருடமாகப் போட்டிருக்கிறாள், போட்டதே மறந்துவிட்டது என்கிறாள். 380ஏ என்கிற வகையை ஒரு தடவை போட்டால் 10 வருடம் வரை வேலை செய்யும். போட்டுக்கொண்ட நூறு பேரில் வருடத்துக்கு ஒருவர் கர்ப்பமானாலே அதிகம். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ‘படித்தவர்களே இப்படிப் பயமுறுத்தலாமா’ என்று கீழே எழுதப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கவும். அப்புறம், நான் பிளஸ் டூ தான்.

என் இரண்டாவது பெண் 2015-இல் பிறந்தாள். அரசு மருத்துவமனை, சிசேரியன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கேயும் நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். குழந்தைக்கு 45-ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ் அட்டையைப் புரட்டிவிட்டு, “நூல் செக் பண்ணிட்டியா கண்ணு?” என்றார். திருப்பூரில் நூல் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம். கம்பெனி விஷயம் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, “நான் இன்னும் வேலைக்குப் போகலைங்க சிஸ்டர்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகுதான் அட்டையில் பின்பக்கம் குத்தியிருந்த சீலைக் காட்டினார். ஆபரேஷன் மேஜையில் வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போதே உள்ளே காப்பர் டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதன் நுனியில் தொங்கும் நூலைத்தான் நர்ஸ் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரியாது. நாலைந்து தாளில் கையெழுத்துப் போட்ட என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. ‘சீக்கிரம் போடுங்க, தியேட்டர் ரெடி’ என்றார்களாம், போட்டுவிட்டாராம்.

பிரசவம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் போடுவதில் தப்பில்லை, அது நல்ல நேரம்தான் என்று பின்னால் பலரும் எனக்கு விளக்கினார்கள். சரி, நல்ல நேரமாகவே இருக்கட்டும். கர்ப்பமாக இருந்த ஒன்பது மாதமும் செக்கப்புக்குப் போனேனே, அப்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த வார்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டுவதற்கு, ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு, துணி மாற்றுவதற்கு என்று தனித்தனியாகக் கை நீட்டினார்கள். பெண் என்பதால் 300 ரூபாயோடு விட்டார்களாம். பக்கத்துக் கட்டிலில் பையன், அவர்களுக்கு 500. பெண் பிறந்ததில் எனக்குக் கிடைத்த முதல் சலுகை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் ஏழு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பீரியட்ஸ் திரும்ப வந்தபோதுதான் ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் கட்டி கட்டியாகப் போகும், அப்புறம் ஐந்தாம் நாள் நின்றது போல் இருந்து மறுபடி வரும். எங்கள் கம்பெனியில் அப்போது பாத்ரூம் போக டோக்கன் எடுக்க வேண்டும். ஒரு லைனுக்கு இரண்டு டோக்கன். பீஸைப் புரட்டிப் புரட்டிக் கறையும் ஓட்டையும் பார்ப்பதுதான் செக்கிங் வேலை. ஒரு நாள் வெள்ளை டி-ஷர்ட் லாட் ஓடிக்கொண்டிருந்தது. டோக்கன் இரண்டும் வெளியே போயிருந்தன. என் சுடிதாரைத் தாண்டி ஸ்டூலில் பட்டுவிட்டது. நான் நகரவே இல்லை. மற்றவர் துணியில் கடுகளவு கறையைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள், என் துணியை மறைத்துக்கொண்டு கடைசி பெல் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து மாதத்தில் பத்து நாள் காபிப்பொடி நிறச் சுடிதார்தான்.

எடுக்கச் சொல்லி மூன்று முறை போனேன். முதல் முறை, ‘ஆறு மாசம் பாரு, பழகிடும்’. இது முழுப் பொய்யும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செம்பு கர்ப்பப்பையின் உள்பக்கத்தை உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் விந்தணு அங்கே பிழைப்பதில்லை. அதே உறுத்தல்தான் ரத்தப்போக்கையும் கூட்டுகிறது. நிறையப் பேருக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் அது தணிந்துவிடும். உங்களுக்கும் அடுத்த மாதமே தணியலாம். ஆனால் அதுவரை பொறுப்பதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நனைகிறது உங்கள் துணி.

இரண்டாம் முறை, ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா’. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. உள்ளே வைக்கும்போது என்னைக் கேட்கவில்லை, வெளியே எடுக்க அவரைக் கேட்க வேண்டுமாம். காப்பர் டி எடுக்கக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது. உங்களிடம் அப்படிக் கேட்டால், எந்த விதியில் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாம் முறை பரிசோதித்துவிட்டு, ‘நூல் தெரியல, ஸ்கேன் எடு’ என்றார்கள். அதைக் கேட்டுத்தான் பயந்து போனேன். ஸ்கேனில் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. சிசேரியனின் போது வைத்தால் நூல் கீழே இறங்காமல் உள்ளேயே சுருண்டுகொள்வது சகஜமாம். இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரத் தூக்கம் மிச்சம். என் அத்தை, அதாவது மாமியார், ‘அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிரும்’ என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்கெல்லாம் போகாது. ஆயிரத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைச் சுவரைக் குத்திக்கொண்டு வயிற்றுக்குள் போவது உண்டு. அதனால்தான் நூல் காணவில்லை என்றால் ஸ்கேன் கட்டாயம்.

அத்தையிடம் அதற்கு முன் இதைப் பற்றி நான் பேசியதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “எங்க காலத்துல இது பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். லூப்பும்பாங்க. எனக்கும் மாட்டி உட்டாங்க” என்றார். 1965-லேயே அரசாங்கம் கொண்டுவந்த லிப்பஸ் லூப்தான் அது. “அப்புறம் என்னாச்சுங்க அத்தை?” என்றேன். “கடலைக்காய் புடுங்கற சமயம். எப்ப உழுந்துச்சுன்னே தெரியல. உள்ள இருக்குதுன்னு நானும் தைரியமா இருந்துட்டேன். அப்படி வந்தவதான் உன் நாத்தனா.” ஒன்பது வருடமாகக் காப்பர் டி போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள் என்றேனே, அவளேதான். அவளிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

மறுவாரம் அத்தையே துணைக்கு வந்தார், வேறொரு டாக்டரிடம். சின்ன கிளினிக். அந்தம்மா முதலில் என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 7.4. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதைக் குழந்தை தூங்க விடாத அசதி என்று நினைத்திருந்தேன். தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ரத்தப்போக்கைக் கூட்டக்கூடிய ஒன்றை உள்ளே வைத்தவர்கள், பிறகு வந்து சொல்கிறவளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? மூன்று முறை போனேன், ஒருவர் கூடப் பார்க்கவில்லை.

“ஏன் எடுக்கணும்?” என்று அந்த டாக்டர் கேட்கவில்லை. “அடுத்து என்ன யூஸ் பண்ணப்போறீங்க?” என்றுதான் கேட்டார். படுக்க வைத்து, நூலைத் தேட மெல்லிய பிரஷ் ஒன்றை உள்ளே விட்டுச் சுழற்றினார். குறுகுறுவென்று இருந்தது. “கிடைச்சிருச்சு. இருமுங்க” என்றார். இருமினேன். பீரியட்ஸின் முதல் நாள் வலி ஒரு நொடிக்கு மொத்தமாக வந்து போனது போல் இருந்தது. அவ்வளவுதான். காட்டச் சொன்னேன். ட்ரேயில் பஞ்சின் மேல் கிடந்தது. தீக்குச்சியை விடக் குட்டை, மேலே இரண்டு கை, சுற்றியிருந்த செம்புக் கம்பி கறுத்துப் போயிருந்தது. அத்தையும் எட்டிப் பார்த்து, “இத்துனூண்டா!” என்றார்.

இனி உங்களுக்கு. போட்ட இடத்தில் எடுக்க மறுத்தால் வேறு எந்த அரசு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம், இலவசம்தான். நூல் தெரிந்தால் எடுப்பது ஐந்து நிமிட வேலை. பீரியட்ஸ் நாளில்தான் போக வேண்டும் என்று இல்லை. எடுத்த உடனே கர்ப்பம் தரிக்கலாம் என்பதால், இப்போது குழந்தை வேண்டாம் என்றால் எடுப்பதற்கு முந்தைய ஏழு நாள் சேராமல் இருங்கள் அல்லது ஆணுறை போடச் சொல்லுங்கள். நூலை நீங்களாகப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். நாள் தள்ளிப்போனால் ‘டி இருக்கிறதே’ என்று இருந்துவிடாதீர்கள். அபூர்வமாகக் கர்ப்பமானால் அது கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்க வாய்ப்பு உண்டு, உடனே சோதனையும் ஸ்கேனும் வேண்டும். காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலும் அன்றைக்கே போங்கள். ரத்தப்போக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் ஹார்மோன் உள்ள வகை ஒன்று இருக்கிறது, அது ரத்தப்போக்கைக் குறைக்கும். தனியாரில் விலை அதிகம், நான் போட்டுக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரரிடம், நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்ளுங்களேன், தையல் கூடக் கிடையாது, இரண்டு நாள் ஓய்வு போதும், பெண்களுக்குத் தருவதை விட அரசாங்கப் பணமும் அதிகம் என்று எடுத்துச் சொன்னேன். “பண்டல் தூக்கற வேலை புள்ள” என்றார். வயிற்றைக் கிழித்துத் தைத்த நாலாம் மாதம் நான் ஷிப்டுக்குப் போனேன். இதைச் சொல்லவில்லை, சொன்னால் சண்டை வரும். இன்றுவரை ஆணுறைதான். வாங்கி வருவது அவர் பொறுப்பு, மறந்தால் திண்ணையில் படுக்கை.

எடுத்த பிறகு உங்களுக்கும் இரும்புச்சத்து மாத்திரை தரக்கூடும். அதை டீயோடு போடாதீர்கள், உடம்பில் ஒட்டாது. நான் மூன்று மாதம் டீயோடுதான் போட்டுக்கொண்டிருந்தேன்.