வேலூர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத பெரிய ஆளுமை என்று யாரைச் சொல்வீர்கள்?

டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்வேன்.

வேலூர் என்றால் 1806 கோட்டைப் புரட்சி, சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். வாலாஜா பக்கம் வேலத்தைச் சேர்ந்த எழுத்தாளர் மு.வ.வையும் யாராவது சொல்லிவிடுவார்கள். மேரியை மட்டும் உள்ளூரிலேயே பலருக்குத் தெரியவில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

1925இல் கொச்சிப் பக்கம் பிறந்தவர். சி.எம்.சி.யில் படித்து, அங்கேயே டாக்டரானார். மகப்பேறு மருத்துவத்தில்தான் ஆசை. 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. வயது 28.

அப்போது அங்கே பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். நோய் குணமானாலும் நரம்பு போனது போனதுதான். விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே நிற்கும். நன்றாக இயங்கும் ஒரு தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) எடுத்து விரலுக்கு மாற்றிப் பொருத்தினால் மறுபடி சோறு பிசையலாம், மண்வெட்டி பிடிக்கலாம். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே என்று மேரியிடம் யோசனை சொன்னவர் அவர்தான். மேரியும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அந்த ஆபரேஷன்களைச் செய்யத் தொடங்கினார்.

இவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கப்புறம் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தண்டுவடம் அடிபட்டவர் உயிர் பிழைத்து வீடு திரும்பினாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவரை விடாது. அவர் எழுந்து உட்கார வேண்டும், பிழைப்பைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே? மேரி நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அதற்கான துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தார்கள். இப்போது அது அவர் பெயரிலேயே இருக்கிறது. 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986இல் காலமானார்.

பனைமரத்திலிருந்து விழுந்த எங்கள் சித்தப்பாவை அங்கேதான் சேர்த்தோம். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவதை அவருக்குப் பழக்கினார்கள். கூடவே தங்கியிருந்த சித்திக்கு, புண் வராமல் உடம்பைத் திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சித்தப்பா இப்போது ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறார்; கொள்முதல், கல்லா எல்லாம் அவரேதான் பார்க்கிறார்.