கேஸ் நிரப்பியும் ஏசி குளிரவில்லையா? ரேடியேட்டர் பக்கம் பாருங்கள்

கேள்வி: பல்லடத்தில் வசிக்கிறேன். எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். கோவை சாலையில் வேகமாகப் போனால் ஏசி நன்றாகக் குளிர்கிறது. சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். இந்தக் கோடையில் இரண்டு முறை கேஸ் நிரப்பினேன். திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் வெப்ப முள்ளும் உயர்ந்தது. கம்ப்ரஸரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். ஏசி கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் தேய்ந்தாலும் நின்ற இடத்தில் குளிர் குறையும்தான். ஆனால் அதனால் வெப்ப முள் ஏறாது. இரண்டும் சேர்ந்து வருவதால் முன்பக்கக் காற்றோட்டத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும், அதற்குப் பின்னால் எஞ்சின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரும் ஒரே காற்றை நம்பியிருக்கின்றன. ஓடும்போது காற்று தானாக வருகிறது. நின்றாலும், மெதுவாக மலையேறினாலும் மின்விசிறிதான் இழுக்க வேண்டும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் பல கார்களில் கணினியே கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடச் சொல்லி, விசிறியைப் பாருங்கள். சற்று நேரத்தில் அது சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (விசிறிக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் சில கார்களில் விசிறி திடீரென்று சுழலும். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

விசிறி சரியாக இருந்தால் அடுத்தது பஞ்சு. தறிகளும் நூற்பாலைகளும் நிறைந்த உங்கள் பகுதியில் இதை நான் அழுத்திச் சொல்வேன். கண்டென்சரின் முகப்பு சுத்தமாகத் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சும் தூசியும் கம்பளிபோல் படிந்திருக்கும். முன்னால் தண்ணீர் அடித்தால் அது போகாது. இரண்டையும் பிரித்து, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

கேஸ் எரிந்து தீரும் பொருளல்ல. ஒரே கோடையில் இரண்டு முறை உண்மையாகவே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் மூன்றாவது முறை நிரப்புவது வீண் செலவு. குறையாமலே நிரப்பியிருந்தால் அதுவும் கெடுதல்: கூடுதல் கேஸ் அழுத்தத்தை ஏற்றிக் குளிரைக் குறைக்கும். எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்களா? உப்புத் தண்ணீர் உள்ளே வெள்ளையாகப் படிந்து குழாய்களை அடைக்கும். சிறுவாணித் தண்ணீரும் இதற்கு வேண்டாம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் பொதுவாகச் சரிபாதியாகக் கலக்கலாம். கார் கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். ரேடியேட்டர் மூடியையும் சோதியுங்கள். அது அழுத்தத்தைத் தாங்காவிட்டால் கூலண்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. நினைத்த இடத்தில் இறங்கி நிற்க முடியாது. பழுது பார்க்கும்வரை அந்தப் பாதையைத் தவிருங்கள். வேறெங்காவது முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, எஞ்சின் சூட்டை இழுத்துக்கொள்ள ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்குங்கள். சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாயும்.

இவ்வளவும் செய்து முள் இன்னும் ஏறினால் கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அதைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கசிவே இல்லாமல் கூலண்ட் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சினின் மேல்பகுதி இணைப்பை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்போது காரை ஓட்டிப் போகாமல், கட்டி இழுத்துக்கொண்டே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.