பள்ளிச் சீருடை: கட்டிங் மாஸ்டரிடம் கேள்வி பதில்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் சீருடையைப் பற்றிக் கேளுங்கள். துணி, அளவு, தையல், துவைப்பு, பள்ளி விதியை எழுதும் விதம் எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். கேட்பதற்கு முன் ஒன்று மட்டும்: பருத்தி கலந்த புதுத் துணியை நனைத்துக் காயவைக்காமல் கத்தரி போடாதீர்கள், போட விடாதீர்கள்.

எட்டாம் வகுப்பு மாணவனின் அம்மா: மாஸ்டர், பையனுக்குச் சட்டை பேண்டுக்குள் நிற்பதே இல்லை. காலையில் நன்றாக உள்ளே விட்டுத்தான் அனுப்புகிறேன். சாயங்காலம் பாதி வெளியே தொங்குகிறது. ஒழுங்கில்லை என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். திட்டித் திட்டி அலுத்துவிட்டது.

மாஸ்டர்: திட்டுவதை நிறுத்துங்கம்மா. பெரும்பாலும் இது வெட்டில் உள்ள பிழை. சட்டையைப் போட்டு, உள்ளே விட்டு, பையனை இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை மொத்தமும் மேலே ஏறுகிறதா? அப்படியானால் கைக்குழி, அதாவது கைத்துணி உடம்புத் துணியோடு சேரும் வளைவு, ஆழமாக வெட்டப்பட்டிருக்கிறது. வளரும் பிள்ளை, தளர்வாக இருக்கட்டும் என்று கைக்குழியை இறக்கிவிடுகிறார்கள். இறக்கினால் தளர்வு வராது. கைத்துணி உடம்புத் துணியோடு இடுப்புக்குப் பக்கத்தில் சேர்வதால், கை தூக்கும்போதெல்லாம் உடம்புத் துணியும் சேர்ந்து ஏறும். கரும்பலகையில் எழுதினால் ஏறும், பையை மாட்டினால் ஏறும். அக்குளுக்குக் கீழே 2 முதல் 3 செ.மீ. இடைவெளி போதும். தளர்வு மார்புச் சுற்றில் வர வேண்டும். உடம்பு அளவைவிட 12 முதல் 14 செ.மீ. கூட வைத்தால் சரியாக இருக்கும்.

அடுத்தது நீளம். பேண்ட் பட்டிக்குக் கீழே சட்டை குறைந்தது 15 செ.மீ. உள்ளே போக வேண்டும். உட்கார்ந்து குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் வெளியே வந்தால் நீளம் போதவில்லை. மூன்றாவது காரணம் துவைத்துச் சுருங்கியது. நனைக்காத பருத்தித் துணி முதல் சில துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 70 செ.மீ. சட்டையில் அது 2 முதல் 3.5 செ.மீ. அதனால்தான் முதலிலேயே சொன்னேன், நனைக்காமல் வெட்டாதீர்கள் என்று.

நீளம் மட்டும் குறைவென்றால் கீழே ஒட்டுத்துணி கொடுத்துத் தைக்கலாம். பேண்டுக்குள் போகிற பகுதி, வெளியே தெரியாது. கைக்குழி ஆழமென்றால் அந்தச் சட்டையைத் திருத்த முடியாது. அடுத்த சட்டையில் சொல்லி வெட்டுங்கள்.

ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பா: வளர்கிற வயது. எத்தனை அளவு பெரிதாக எடுக்கலாம்?

மாஸ்டர்: சட்டையும் பேண்டும் ஒரே மாதிரி வளராது. வேகமாக வளரும் வருஷத்தில் பெண் பிள்ளைகள் 8 செ.மீ. வரையும், ஆண் பிள்ளைகள் 9, 10 செ.மீ. வரையும் உயரலாம். பெண்களுக்கு இது பெரும்பாலும் 11, 12 வயதில் வரும். ஆண்களுக்கு 13, 14 வயதில். முதலில் பாதம் வளரும், பிறகு கால், கடைசியில்தான் உடம்பு. பேண்ட் குட்டையாகி நிற்கும்போது சட்டை இன்னும் சரியாக இருப்பது அதனால்தான்.

ஆகவே பேண்டில் கீழ்மடிப்பு 7 செ.மீ. உள்ளே விடச் சொல்லுங்கள். பின் நடுத்தையலில் இடுப்புப் பக்கம் இருபுறமும் 3 செ.மீ. பிடிப்பு இருக்கட்டும், பிறகு பிரித்து 5 செ.மீ. வரை பெரிதாக்கலாம். சட்டையில் தோள் அளவை 1.5 செ.மீ.க்கு மேல் கூட்டாதீர்கள். தோள் இறங்கினால் கையும் இறங்கும், எழுதும் கைக்கு அது தொல்லை. கை நீளத்தை மட்டும் கூடுதலாக வெட்டி, கஃபுக்கு மேலே உள்பக்கம் ஒரு மடிப்புத் தையல் போட்டு வைக்கலாம். பிரிப்பது பத்து நிமிஷ வேலை.

கீழ்மடிப்பைச் சூடான இஸ்திரியால் அழுத்தித் தேய்க்காதீர்கள். பாலியஸ்டர் கலந்த துணியில் சூட்டில் விழுந்த கோடு எளிதில் போகாது. பிரித்தபின் கோடு தெரிந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கோட்டில் தடவி, ஈரத்துணி மேலே போட்டு மிதமான சூட்டில் தேயுங்கள். நிறமே வெளுத்த கோடென்றால் அது போகாது. அதன் மேலேயே ஒரு வரிசைத் தையல் ஓட்டுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி: மாஸ்டர், ஸ்கர்ட் பிளீட் உட்கார்ந்தால் விரிந்துகொண்டு அசிங்கமாக நிற்கிறது. இடுப்பும் லூஸ். மடித்துச் சுருட்டினால் நீளம் குறைகிறது என்று மிஸ் திட்டுகிறார்கள்.

மாஸ்டர்: இரண்டு பிழை இருக்கிறதும்மா, இரண்டும் உன்னுடையது இல்லை. சுற்றிவரும் பிளீட் முழுதாக விழ வேண்டுமென்றால் இடுப்பு எலும்பின் சுற்றளவைப்போல் மூன்று மடங்கு துணி வேண்டும். சுற்று 90 என்றால் 270 செ.மீ., அதோடு தையல் பிடிப்பு. துணியை மிச்சம் பிடிக்க இரண்டு மடங்கில் முடித்தால் மடிப்புக்கு அடியில் துணி இருக்காது, உட்கார்ந்தால் வாய் திறக்கும். அதைச் சரிசெய்ய வழியில்லை. பிளீட்டை இடுப்பிலிருந்து 10 செ.மீ. வரை தைத்துப் பூட்டினால் கொஞ்சம் அடங்கும்.

இடுப்புக்கு, பட்டிக்குள் காஜா போட்ட எலாஸ்டிக் இரண்டு பக்கமும் ஓட்டி, உள்ளே பட்டன் வைக்கச் சொல். மாதத்துக்கு மாதம் கூட்டிக் குறைக்கலாம். சுருட்ட வேண்டிய தேவையே வராது. உள்ளே கறுப்பு அரைக்கால் டைட்ஸ் போட்டுக்கொள். மாதவிடாய் நாட்களில் கறை பட்டால் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் அலசு. வெந்நீர் ஊற்றினால் கறை நிலைத்துவிடும்.

ஒரு தாய்: வெள்ளைச் சட்டை அக்குளிலும் காலரிலும் மஞ்சளாகிறது. பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகிறது.

மாஸ்டர்: பிளீச்தான் காரணம். குளோரின் பிளீச் வியர்வையில் உள்ள புரதத்தோடு சேர்ந்து மஞ்சளைக் கூட்டும். துணி மேல் பூசியிருக்கும் பிசின் மெருகும் அதில் மஞ்சளாகும். அக்குள் மஞ்சளுக்கு வியர்வை தடுப்பில் உள்ள அலுமினிய உப்பும் ஒரு காரணம். காலரில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, மென்மையான பிரஷால் தேயுங்கள். மஞ்சளுக்கு ஆக்ஸிஜன் பிளீச் பொடி, அதாவது சோடியம் பெர்கார்பனேட். 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறவையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது. குளோரின் பிளீச்சோடு வினிகரோ கழிவறை சுத்தம் செய்யும் ஆசிடோ எந்தக் காரணத்துக்காகவும் கலக்க வேண்டாம். விஷ வாயு வரும்.

பத்தாம் வகுப்பு மாணவன்: பாக்கெட்டில் பேனா கசிந்துவிட்டது.

மாஸ்டர்: பால்பாயிண்ட் என்றால் ஆல்கஹால் உள்ள சானிடைசர் போதும் தம்பி. கறைக்கு அடியில் பழைய துணி வை, மேலிருந்து ஒற்று, அடித்துணியை மாற்றிக்கொண்டே இரு. தேய்த்தால் பரவும். ஜெல் பேனா முழுசாகப் போகாது. எதுவானாலும் கறை போகும்முன் இஸ்திரி போடாதே.

இன்னொரு தாய்: ஆறாம் வகுப்புப் பையன். இரண்டு அளவு பெரிதாக எடுக்கலாமா?

மாஸ்டர்: மேலே ஏழாம் வகுப்பு மாணவியின் அப்பாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். கூடாது.

ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்: நீங்கள் எல்லாப் பழியையும் தையல்காரர் மேல் போடுகிறீர்கள். விதி என்று இருந்தால் மீறினால் தண்டனையும் இருக்க வேண்டும். வாசலில் நிறுத்தினால்தான் மறுநாள் ஒழுங்காக வருகிறார்கள்.

மாஸ்டர்: சார், வாசலில் நிற்கும் பிள்ளைகளில் பேண்ட் குட்டையானவன், ஷூ வாய்பிளந்தவன், சட்டை காயாதவன் என்று பிரித்துப் பாருங்கள். இவர்கள் எவரும் மறுநாளைக்குள் சரிசெய்யக்கூடிய நிலையில் இல்லை. வேண்டுமென்றே மீறுகிறவனுக்கு வகுப்பைத் தவறவிடுவது தண்டனையாகவே தெரியாது. இழப்பு முதல் கூட்டத்துக்குத்தான்.

உங்கள் விதித்தாளையும் எடுத்துப் பாருங்கள். ‘கண்ணியமான நீளம்’, ‘முறையான பேண்ட்’ என்று இருக்கிறதா? அதை வைத்து ஆளுக்கு ஆள் ஒரு தீர்ப்பு சொல்லலாம். ‘நின்ற நிலையில் ஸ்கர்ட்டின் கீழ்விளிம்பு முழங்கால் நடுவில், மேலே 3 செ.மீ. வரை ஏற்கப்படும்’ என்று எழுதுங்கள். ‘பேண்டின் கீழ்விளிம்பு அகலம், தட்டையாக வைத்து அளந்தால், 17 முதல் 21 செ.மீ.’ என்று எழுதுங்கள். வளர்ச்சியால் அளவு மாறினால் சரிசெய்ய 14 நாள் என்று சேருங்கள். அலுவலகத்தில் துவைத்து வைத்த மாற்றுச் சட்டை, பேண்ட் சில அளவுகளில் இருக்கட்டும்.

ஆசிரியர்: தினமும் டேப் வைத்துக்கொண்டு நிற்க எங்களுக்கு நேரமில்லை. முட்டிபோடச் சொன்னால் ஸ்கர்ட் தரையைத் தொடுகிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஒரு மாணவியின் தாய்: என் பெண்ணை அப்படித்தான் எல்லோர் முன்னாலும் முட்டிபோட வைத்தார்கள். அன்றிலிருந்து பள்ளிக்குப் போகவே அழுகிறாள்.

மாஸ்டர்: அம்மா சொல்வதைக் கேளுங்கள் சார். அளவுக் கணக்காகப் பார்த்தாலும் முட்டிபோட வைப்பது தப்பு. ஒரே நீள ஸ்கர்ட்டை இரண்டு பெண்களுக்குப் போட்டால், பின்பக்கம் பருத்த பெண்ணுக்குத் துணி பின்னால் சில செ.மீ. ஏறும். முட்டிபோடும்போது தொடை துணியை முன்னால் தள்ளுவதால் அந்த வித்தியாசம் கூடும். ஆக, உடல்வாகுக்குத் தண்டனை கிடைக்கிறது. இதற்கும் தீர்வு வெட்டில்தான். இடுப்பில் பின்பக்கம் 1 முதல் 2 செ.மீ. உயர்த்தி வெட்டினால் கீழ்விளிம்பு சுற்றிலும் சமமாக விழும்.

தினமும் அளக்க வேண்டியதில்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு முறை, தனி அறையில், ஆசிரியை ஒருவர், நின்ற நிலையில், எல்லா மாணவிகளுக்கும். குறித்து வைத்துப் பெற்றோருக்கு அனுப்புங்கள். நடுவில் சந்தேகம் வந்தால் கடிதம். ஒரு பிள்ளையின் உடம்பை நாலு பேர் முன்னால் பரிசோதிக்கும் வேலை எந்த விதித்தாளிலும் இருக்கக் கூடாது.

ஆசிரியர்: அந்த 14 நாள் விஷயத்தை எங்கள் கூட்டத்தில் வைக்கிறேன். முடி, நகம் எல்லாம்?

மாஸ்டர்: அது என் துறை இல்லை சார்.

முன்னாள் மாணவர் ஒருவர்: சீருடையே எதற்கு? எடுத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லையே.

மாஸ்டர்: அதைப் பள்ளியும் பெற்றோரும் பேசி முடிவு செய்யட்டும். இருக்கிறவரை செலவைக் குறைக்க வழி உண்டு. பள்ளிச் சின்னத்தைத் துணியிலேயே அச்சடிக்காமல் தனித் தையல் வில்லையாகக் கொடுத்தால், சாதாரணச் சட்டையை எங்கே வேண்டுமானாலும் வாங்கித் தைத்துக்கொள்ளலாம். சட்டை கிழிந்தாலும் வில்லை அடுத்த சட்டைக்கு மாறும். ஆனால் பாலியஸ்டர் துணியில் சூட்டில் ஒட்டும் வில்லையை நம்பாதீர்கள், ஓரம் பிரியும். சுற்றிலும் தையல் போடுங்கள்.

ஒரு தந்தை: வெயில் காலத்தில் எந்தத் துணி நல்லது?

மாஸ்டர்: 100 கிராம் பருத்தி காற்றிலிருந்து சுமார் 8 கிராம் ஈரம் இழுக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. முழுப் பாலியஸ்டர் சட்டை புழுங்குவது அதனால்தான். முழுப் பருத்தி சீக்கிரம் கசங்கும், காயவும் நேரமாகும். 60 பங்கு பருத்தி, 40 பங்கு பாலியஸ்டர் கிடைத்தால் நடுநிலை. கடையில் அதிகம் கிடைப்பது 65 பங்கு பாலியஸ்டர், 35 பங்கு பருத்தி. எது வாங்கினாலும், மறுபடியும் சொல்கிறேன், நனைத்துவிட்டு வெட்டுங்கள்.

ஒரு தாய்: பையனுக்குத் தொடுவுணர்வு அதிகம். காலர் குத்துகிறது என்று கழற்றி எறிகிறான். பள்ளியில் அடம் என்கிறார்கள்.

மாஸ்டர்: அடம் இல்லையம்மா, அவனுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. கழுத்து லேபிளை வெட்டாதீர்கள், மிச்ச நூல் இன்னும் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள். காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸைத் தடித்ததாக வைக்காமல் மெல்லியது வையுங்கள், அல்லது வைக்கவே வேண்டாம். உள்தையலை ஓவர்லாக் போடாமல் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். போடும்முன் நாலைந்து தடவை துவையுங்கள். உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன் போடுங்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் காலர் இல்லாத, அதே நிறச் சட்டைக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி: வெள்ளைச் சட்டையில் உள்ளாடை தெரிகிறது. வெள்ளைதானே போடுகிறேன்?

மாஸ்டர்: வெள்ளைக்கு அடியில் வெள்ளை நன்றாகவே தெரியும்மா. உன் தோல் நிறத்துக்கு நெருக்கமான நிறம் போடு, தெரிவது குறையும்.

வேறொரு தாய்: சட்டை மஞ்சளாகிறது, எந்த பிளீச் நல்லது?

மாஸ்டர்: இதே கேள்விக்கு மேலே விரிவாகப் பதில் இருக்கிறது. குளோரின் வேண்டாம்.

இன்னொரு தந்தை: வளரும் பையன், பெரிதாக...

மாஸ்டர்: தயவுசெய்து மேலே படியுங்கள். எல்லோருக்கும் அதே 7 செ.மீ. கீழ்மடிப்புதான்.

ஒரு தாய்: ஷூ?

மாஸ்டர்: சாயங்காலம் அளந்து வாங்குங்கள், அப்போது பாதம் சற்று விரிந்திருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். நனைந்தால் உள்ளே காகிதம் திணித்து நிழலில் காயவையுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவியின் தந்தை: புதிதாக ஒரு ஸ்கர்ட் எடுத்தோம். கடை விளக்கில் பழையதோடு பொருந்தியது. பள்ளி மைதானத்தில் வேறு நிறமாகத் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாஸ்டர்: ஒவ்வொரு சாயத்தொகுப்பும் சற்று மாறும். இரண்டு துணி ஒரு விளக்கில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரிவது சாயக் கலவை வேறாக இருப்பதால். வாங்கும்முன் பழையதைக் கையில் கொண்டுபோய்க் கடைக்கு வெளியே வெயிலில் வைத்துப் பாருங்கள். தைக்கக் கொடுப்பதென்றால் வருஷத்துக்கு வேண்டிய துணி மொத்தமும் ஒரே துணிச்சுருளிலிருந்து வெட்டி வாங்குங்கள். எல்லா ஸ்கர்ட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே அளவு துவையுங்கள், வெளுப்பதும் சமமாக வெளுக்கும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்துங்கள். இப்போது கையிலிருக்கும் ஸ்கர்ட்டுக்கு, அது கடையில் பள்ளி நிறமென்றே விற்றது என்று ரசீதோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். பிள்ளையை அதற்காக வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.