பழைய டிராக்டருக்கு ஹெட் கேஸ்கெட் மாத்தும்போது பேஸ்ட் தடவி போடலாமா?

நீங்க கேட்டிருக்கறது இது: பழைய மாஸி பெர்குசன் 1035, போன சம்பாவுல ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் இருக்கற பிளாக்குக்கும் அதை மேல மூடற ஹெட்டுக்கும் நடுவுல வைக்கற அடைப்பு) மாத்துனீங்க, இப்ப குறுவைக்கு சேத்துழவு ஓட்டும்போது திரும்பவும் ரேடியேட்டர் பொங்குது, தண்ணி குறையுது, மெக்கானிக் "இந்த வாட்டி நல்லா பேஸ்ட் தடவி உக்கார வச்சிருவோம், லீக்கே வராது"ங்கறார், எந்த பேஸ்ட் வாங்கலாம்னு.

பேஸ்ட்டே வேண்டாங்க. காஞ்ச கேஸ்கெட்டை காஞ்ச மூஞ்சில, அதாவது ஹெட்டும் பிளாக்கும் சேர்ற பரப்புல, அப்படியே போடுங்க. எங்க வீட்லயும் இதே ஜாதி இன்ஜின்தான் அப்பா காலத்துலேருந்து ஓடுது, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

1035-ல இருக்கறது சென்னை சிம்ப்சன் இன்ஜின், மூணு சிலிண்டர். அதோட பூர்வீகம் பெர்க்கின்ஸோட மூணு சிலிண்டர் டீசல், பழைய மாஸி 35-ல வந்த 3.152-ம் அந்த வம்சம்தான். 3-ங்கறது சிலிண்டர், 152-ங்கறது கன இஞ்ச், நம்ம கணக்குல சுமார் 2500 சிசி. டீசல் இன்ஜின்ல வெடிக்கும்போது உள்ள உண்டாகற பிரஷருக்கு எந்த பேஸ்ட்டும் நிக்காது. அதை அடைச்சு வைக்கறது பிளாக்குல நட்டு நின்னு ஹெட்டை கீழ இழுத்துப் பிடிக்கற மரைக் கம்பி, அதான் ஸ்டட், அதோட இழுவிசை, அப்புறம் ரெண்டு மூஞ்சியோட மட்டம், இது ரெண்டுதான். இப்ப கடைல கிடைக்கற காம்போசிட் கேஸ்கெட்ல கம்பெனியே ஒரு கோட்டிங் கொடுத்திருப்பான், இன்ஜின் சூடானதும் அது இளகி தானா பிடிச்சுக்கும். அது மேல நீங்க கிரீஸோ சிலிக்கானோ தடவுனா கேஸ்கெட் வழுக்கும், பிதுங்கின சிலிக்கான் தண்ணி வழியையும் ராக்கருக்கு ஆயில் ஏறுற ஓட்டையையும் அடைக்கும், அப்புறம் டேப்பெட் காஞ்சு சத்தம் போட ஆரம்பிச்சா அது ஒரு தனிக் கதை. பழைய ஆளுங்க சில்வர் பெயிண்ட் அடிப்பாங்க, ஷெல்லாக் தடவுவாங்க, அதெல்லாம் ரெண்டு பக்கமும் செப்புத் தகடு போட்ட கேஸ்கெட் காலத்து பழக்கம். அந்த செப்பு கேஸ்கெட்டுக்கு லேசா தடவுறது தப்பில்ல. உங்களுக்கு வந்திருக்கறது கருப்பா, ஓட்டையை சுத்தி இரும்பு வளையம் வச்சது மாதிரி இருந்தா எதையும் தொடாதீங்க. அனபாண்ட் பேஸ்ட் வாங்கி வச்சிருந்தா டேப்பெட் கவருக்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்குக்கும் வச்சுக்கங்க, வீணாகாது.

ஹெட்டை கழட்டறதுக்கு முன்னாடி கேஸ்கெட்தான் போயிருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க. காலைல வண்டி ஜில்லுனு இருக்கும்போது ஃபேன் பெல்ட்டை கழட்டிட்டு, ரேடியேட்டர் மூடியை திறந்து வச்சு, தண்ணி ஃபுல்லா ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. பெல்ட் இல்லாததால தண்ணி பம்ப் சுத்தாது, தண்ணி அசையாம நிக்கும், அந்த நேரத்துல உடனே குமிழி விடாம வந்துச்சுன்னா அது கொதிக்கற குமிழி இல்ல, சிலிண்டர் காத்து. ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க. டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க, ஆயில் டீ கலர்ல வெளுத்துப் போயிருந்தா தண்ணி கலந்திருக்கு, அதோட ஸ்டார்ட் பண்ணாம ஆயிலையும் ஃபில்டரையும் மாத்துற வரைக்கும் வண்டியை நிறுத்தி வைக்கணும். குமிழியும் இல்ல, ஆயிலும் நல்லா இருக்கு, தண்ணி மட்டும் குறையுதுன்னா தண்ணி பம்புக்கு கீழ இருக்கற சின்ன ஓட்டையில சொட்டுதான்னு முதல்ல பாருங்க, சும்மா ஹெட்டை இறக்காதீங்க. ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா நின்னுரும்னு யாராவது சொல்லுவாங்க, ரேடியேட்டர்ல ஊசி ஓட்டை இருந்தா ஒரு நாள் தாக்குப் பிடிக்கும், கேஸ்கெட்டுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

கழட்டறது பெரிய வேலை இல்ல, உங்க மெக்கானிக்குக்கே தெரியும். இன்ஜின் நல்லா ஆறி இருக்கணும், சூட்டுல ஹெட் நட்டை லூஸ் பண்ணா ஹெட் வளையும். புஷ் ராடை எல்லாம் ஒரு அட்டைல ஓட்டை போட்டு வரிசையா குத்தி வைங்க. முக்கியமா டீசலை பீச்சற நாசில் மூணையும் கழட்டிட்டு அப்புறம் ஹெட்டை தூக்குங்க, ஏன்னா டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல நாசில் மூக்கு ஹெட் மூஞ்சிக்கு கீழ நீட்டிக்கிட்டு இருக்கும், அப்படியே கொண்டுபோய் சிமெண்ட் தரைல வச்சா மூக்கு போச்சு. ஹெட் வரலன்னு நடுவுல ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது, மேனிஃபோல்டை பிடிச்சு ஆட்டுனாலே விட்டுக் கொடுக்கும்.

இனிமேதான் விஷயமே இருக்கு. பழைய கேஸ்கெட்டை தூக்கி எறிஞ்சிறாதீங்க, வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, எங்க போச்சுன்னு அதுவே சொல்லும். ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல கரி ஓடியிருந்தா மட்டம் போயிருக்கு இல்ல டார்க் (நட்டை முறுக்கற விசை) பத்தல, தண்ணி ஓட்டை பக்கம் துரு தின்னிருந்தா உப்புத் தண்ணி ஊத்தியிருக்கீங்க. மூஞ்சியை சுத்தம் பண்ணும்போது கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி சர்ருனு ஓட்டாதீங்க. பழைய கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரமாக்கி மெதுவா சுரண்டி எடுங்க, ஏர் அடிக்காதீங்க. சிலிண்டர் ஓட்டைக்குள்ள சுத்தமான துணி அடைச்சு வச்சுக்கிட்டு செய்யுங்க.

எங்க சித்தப்பா வண்டில கேஸ்கெட்டை மாத்தி மாத்திப் போட்டும் ஒரே எடத்துலதான் போயிக்கிட்டே இருந்துச்சு, முன்னாடி ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல. ஒரு பட்டறைல ஹெட்டை மட்டும் ஃபேஸ் அடிச்சு, அதாவது மூஞ்சியை சீவி மட்டமாக்கி, கொடுத்து அனுப்பிட்டாங்க, பிளாக்கை யாரும் பாக்கல. அப்புறம் எங்க ஊர் லேத்துக்கார அண்ணன் வந்து பிளாக் மேல ஸ்டட்டை சுத்தி நகத்தால தடவிப் பாத்துட்டு, "தம்பி, இங்க கையை வை"ன்னார். வச்சுப் பாத்தா ஸ்டட் ஓட்டையோட விளிம்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மேல எழும்பி நிக்குது. வருஷக்கணக்கா முறுக்கி முறுக்கி மரை இழுத்து வெளிய தூக்கிட்டு வந்திருக்கு. அந்த மேட்டு மேல கேஸ்கெட் உக்காந்தா நீங்க எவ்வளவு முறுக்குனாலும் முறுக்கு எல்லாம் அந்த மேட்டுலயே போயிரும், சிலிண்டர் வளையத்துக்கு அமுக்கம் போகாது. அவர் ரெண்டு நட்டை ஒண்ணு மேல ஒண்ணு மாட்டி ஸ்டட்டை கழட்டி, பெரிய டிரில் பிட்டை கையாலயே சுத்தி விளிம்பை லேசா சாய்ச்சு விட்டு, எண்ணெய்க் கல்லை வச்சு சமமா தேச்சார், அவ்வளவுதான் வேலை. உங்களுக்கும் ஒரே எடத்துல திரும்பத் திரும்ப போகுதுன்னா நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான். ஸ்டட் கழட்டுன ஓட்டைக்குள்ள ஆயிலோ தண்ணியோ தேங்கி இருந்தா துடைச்சு எடுத்துருங்க, அதோட முறுக்குனா பிளாக்கே விரிசல் விட்டுரும்.

மட்டம் பாக்க நல்ல ஸ்டிரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வேணும். தச்சர் மட்டப்பலகை எல்லாம் இதுக்கு ஆகாது. ஹெட்டு, பிளாக்கு ரெண்டுலயும் நீளவாக்கு, குறுக்கு, மூலைக்கு மூலைன்னு வச்சுப் பாருங்க. இந்த இன்ஜினுக்கு நான் வச்சிருக்கற கணக்கு, குறுக்கால 0.08 மில்லிமீட்டர், நீளவாக்குல 0.15, அதுக்கு மேல ஃபீலர் நுழைஞ்சா ஃபேஸ் அடிக்கணும். அடிக்கறதும் எவ்வளவு குறைச்சலா முடியுமோ அவ்வளவுதான், ஏன்னா டீசல்ல ஹெட் மூஞ்சியை குறைச்சா வால்வு பிஸ்டனுக்கு கிட்ட வந்துரும், நாசில் மூக்கும் கூட நீட்டிக்கும், அதனால வால்வு சீட்டை திரும்ப உள்ள இறக்க வேண்டி வரும், நாசிலுக்கு வாஷர் பாக்கணும். அதை எல்லாம் செய்யத் தெரிஞ்ச லேத்தா பாத்துக் கொடுங்க. கொடுக்கும்போதே பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லிருங்க, வால்வு சீட்டுக்கு நடுவுல விரிசல் இருந்தா வெளிய தெரியறது அப்படியே கேஸ்கெட் போன மாதிரிதான் இருக்கும், நீங்க எத்தனை கேஸ்கெட் வாங்கினாலும் தீராது. பம்ப் ஷெட்டுக்கு ஓட்டிட்டு வந்து கொதிச்சிட்டு இருக்கற இன்ஜின்ல பையன் வாய்க்கா தண்ணியை அள்ளி ஊத்துவான் பாருங்க, அந்த விரிசல் அப்படி வர்றதுதான்.

மாட்டும்போது கேஸ்கெட்ல மேல் பக்கம், முன் பக்கம்னு குறி இருக்கும், தலைகீழா போட்டுறாதீங்க. ஸ்டட் மரைக்கும் வாஷர் மேலயும் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில், வேற எங்கயும் எண்ணெய் வேண்டாம். டார்க் ரென்ச் இல்லாம செய்யவே செய்யாதீங்க. "இத்தனை வருஷமா கையாலதான் முறுக்குறேன் தம்பி, ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லுவாங்க, ஆகலைன்னா நீங்க எதுக்கு இங்க வந்து கேக்கறீங்க? பழைய 3.152-க்கு 60 ஃபுட் பவுண்ட், அதாவது 8.3 கேஜிஎம், நியூட்டன் மீட்டர்ல 81. உங்க மாடலுக்கு மேனுவல்ல வேற கணக்கு இருந்தா அதையே வச்சுக்கங்க, ரென்ச்சுல எந்த யூனிட் போட்டிருக்குன்னும் பாத்துக்கங்க. நடுவுல ஆரம்பிச்சு சுத்தி சுத்தி வெளிய போகணும், ஒரே மூச்சுல முறுக்காம மூணு ரவுண்டா ஏத்துங்க, கடைசில இன்னொரு தடவை அதே வரிசைல எல்லா நட்டையும் தொட்டுப் பாத்துருங்க.

டேப்பெட் இடைவெளி ஆறின இன்ஜின்ல 0.30 மில்லிமீட்டர், அதாவது 12 தௌ (இஞ்ச்ல ஆயிரத்துல 12 பங்கு). டீசல் லைன்ல ஏர் எடுங்க, தண்ணியை மெதுவா ஊத்துங்க, கூலண்ட் கலந்தே ஊத்துங்க, போர் தண்ணி நம்ம பக்கம் உப்பு, உள்ள சுண்ணாம்பு படிஞ்சா ஹெட் சூடு வெளிய போக வழியில்ல. தெர்மோஸ்டாட்டை கழட்டிட்டு ஓட்டறவங்க நிறைய பேரு, அதை திரும்ப மாட்டிருங்க.

வண்டி நல்லா சூடேறி ஆறினதுக்கு அப்புறம் ஹெட்டை ரீ-டார்க் பண்ணணும், இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஒவ்வொரு நட்டா வரிசைல போய் ரென்ச்சை வச்சுப் பாருங்க, நகர்ந்தா கணக்கு வர்ற வரைக்கும் முறுக்குங்க, நகரலைன்னா அந்த ஒரு நட்டை மட்டும் கொஞ்சூண்டு, ஆறுல ஒரு பங்கு சுத்து, லூஸ் பண்ணி திரும்ப அதே கணக்குக்கு கொண்டு வாங்க. எல்லாத்தையும் ஒண்ணா லூஸ் பண்ணிறாதீங்க. ஒரு 25, 30 மணி நேரம் ஓடினதும் இன்னொரு தடவை. ரெண்டு தடவையும் முடிச்சதும் டேப்பெட்டையும் திரும்ப பாக்கணும், ஹெட் இறங்கினா இடைவெளியும் மாறியிருக்கும்.

அப்புறம், சூடு எதனால ஏறுச்சுங்கறதை பாக்காம விட்டா இவ்வளவும் வீண். ரேடியேட்டர் சல்லடைல பதரும் வைக்கோல் தூசியும் அடைச்சிருந்தா பின்பக்கம் இருந்து தண்ணி அடிச்சு வெளிய தள்ளுங்க, ட்யூப் அடைச்சிருந்தா டேங்க்கை பிரிச்சு கம்பி விட்டு எடுக்கறவர்கிட்ட கொடுங்க. டீசல் பம்ப் டைமிங் முன்னாடி தள்ளி இருக்கா, டீசல் அதிகமா விடுதான்னும் பாக்கச் சொல்லுங்க. 36 எச்.பி வண்டில சேத்துல ஓட்டற இரும்புக் கூண்டு சக்கரம், அதான் கேஜ் வீலும் போட்டு பெரிய ரோட்டவேட்டரையும் மாட்டி இழுத்தா எந்த கேஸ்கெட்டும் தாங்காது.

வேலையை மேட்டூர் தண்ணி வந்து சேர்றதுக்கு முன்னாடியே வச்சுக்கங்க. ஜூன் 12-ல தொறந்துட்டாங்கன்னா லேத்துக்காரர் கடை வாசல்ல ஹெட்டா அடுக்கி கிடக்கும், உங்க முறை வர்றதுக்குள்ள நாத்து முத்திரும்.