சொந்தப் பாட்டை நம்பி வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

சென்னை சாலிகிராமத்தில் பதினான்கு வருடமாக கீபோர்டு புரோகிராமிங்தான், அதாவது கணினியில் பாட்டின் இசைப் பகுதிகளைக் கோத்துக் கொடுக்கிற வேலைதான், எனக்குச் சோறு போடுகிறது. அதற்கு முன்னால் மதுரையில் மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தேன். என் பெயரில் ஆறு தனிப்பாடல்கள் வந்திருக்கின்றன. பாப் பாட்டு போட்டு அதையே தொழிலாக்க நினைக்கிற தம்பி தங்கைகள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது, ஊர் திருச்சி. லேப்டாப்பில் பாட்டு செய்கிறேன். சென்னைக்கு வந்தால்தான் வாய்ப்பு கிடைக்குமா?

பதில்: வரலாம் தம்பி, ஆனால் இப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். முழுசாக முடித்த ஐந்து பாட்டு, ஆறு மாத வாடகைக்குப் பணம், அப்புறம் அடுத்தவர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற மாதிரி ஒரு கைத்தொழில், இந்த மூன்றும் இருந்தால் வாருங்கள். புரோகிராமிங், கிட்டார், கோரஸ், ட்ராக் (பாடகர் வருவதற்கு முன்னால் மாதிரிக்கு) பாடுவது, அடுத்தவர் குரலைச் சுருதி திருத்தி எடிட் செய்து கொடுப்பது, இதில் எதுவானாலும் சரி. முதல் சில வருடம் வாடகை கட்டப்போவது அதுதான். ஏ.ஆர்.ரஹ்மான் 1992-இல் ‘ரோஜா’ வருவதற்கு முன்னால், சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே மற்றவர்களின் ரெக்கார்டிங்கில் கீபோர்டு வாசித்தவர், அப்புறம் விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டவர். ஹிப்ஹாப் தமிழா ஆதி கோவைக்காரர், தனி ஆல்பம் வந்தது 2012-இல், இசையமைப்பாளராக ‘ஆம்பள’ வந்தது 2015-இல். ஊரெல்லாம் பாட்டு ஓடிய பிறகும் மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அந்த மூன்று வருடத்தைத் தாங்குகிற ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: வீட்டில் ரெக்கார்ட் செய்தால் குரல் எங்கோ கிணற்றிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. எந்த மைக் வாங்கலாம்?

பதில்: மைக்கில் கோளாறு இல்லை, அறையில்தான். கண்டென்சர் மைக் எல்லாரும் வாங்குகிறார்கள், அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வரைக்கும் பிடித்துவிடும். தெருவோரத்து வீடு என்றால் டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடுங்கள், அதுவே போதும். என்னிடம் மிக்சிங்குக்கு, அதாவது குரலையும் இசையையும் அளவாகச் சேர்த்துக் கொடுப்பதற்கு, வந்த ஒரு தங்கை பெரம்பூரில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிறாள். இரவு பதினொன்றரை மணிக்கு மேல், தெருவில் ஆட்டோ சத்தம் அடங்கியதும், அம்மாவின் பீரோவைத் திறந்து வைத்து, தொங்குகிற புடவைகளுக்கு முகம் கொடுத்து நின்று, முதுகுப் பக்கம் கொடியில் இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டுப் பாடுவாள். ஃபேன் நிறுத்தம், ஃபிரிட்ஜ் பிளக் பிடுங்கிவிட வேண்டும். ஒரு டேக் முடிந்ததும் இரண்டு நிமிடம் ஃபேன் போட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த டேக். அந்தக் குரலில் நான் இரைச்சல் எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இன்னொன்று, பதிகிற ஒலி அளவை ஏற்றி வைக்காதீர்கள், மென்பொருளில் 24 பிட் தரத்தில் பதிந்தால் உச்சம் மைனஸ் பத்து டெசிபல் பக்கம் நின்றாலே தாராளம்.

கேள்வி: இரண்டு வருடமாக சினிமா பாட்டு கவர் போடுகிறேன். யூடியூபில் காசு வராதா?

பதில்: சேனலில் 1,000 சந்தாதாரர், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்வை இருந்தால் விளம்பர வருமானத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கவரில், அதாவது அடுத்தவர் பாட்டை நாம் பாடிப் போடுவதில், பெரும்பாலும் கண்டென்ட் ஐடி என்கிற யூடியூபின் தானியங்கிப் பாட்டு அடையாள முறை வழியாக அந்தப் பாட்டின் உரிமை உள்ள கம்பெனி உரிமை கோரிவிடும், காசு அங்கே போய்விடும். குரலை நான்கு பேருக்குக் காட்ட கவர் நல்லதுதான், நானும் கேட்டுத்தான் ஆள் எடுக்கிறேன். ஒரு கவர் போட்டால் ஒரு சொந்தப் பாட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனி என் பாட்டை 40,000 ரூபாய்க்குக் கேட்கிறது. அக்ரிமென்ட் பதினோரு பக்கம், ஆங்கிலத்தில். கையெழுத்து போடலாமா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்து எழுதவே ஆரம்பித்தேன். என் முதல் பாட்டை 15,000 ரூபாய்க்கு ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன், பெயர் வேண்டாம். காசோலையைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டாவது பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை. நான்கு வருடம் கழித்து அதே பாட்டை நான் மேடையில் பாடி வீடியோ போட்டால் எனக்கே உரிமை மீறல் என்று நோட்டீஸ் வருகிறது. என் குரல், என் மெட்டு, என் பாட்டி சொல்லிக்கொடுத்த தாலாட்டிலிருந்து எடுத்த வரி. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அதனால் பொறுமையாகப் படியுங்கள். பாட்டில் மெட்டும் வரிகளும் ஒரு சொத்து, பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொரு சொத்து. எதைக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இது தெரிந்துதான் கம்பெனிகள் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்று மறக்காமல் எழுதுகின்றன. அந்த இரண்டு சொல்லைத் தேடிப் பிடியுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைத்தவரும் பாடலாசிரியரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியை அந்தக் கம்பெனிக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து போட்டாலும் அது செல்லாது. ‘ராயல்டி எதுவும் கோரமாட்டேன்’ என்று ஒரு பத்தி இருந்தால் தைரியமாக நீக்கச் சொல்லுங்கள்.

நான் என்ன செய்வேன் என்றால், விற்க மாட்டேன், மூன்று வருடமோ ஐந்து வருடமோ லைசென்ஸ், அதாவது உரிமை என்னிடமே இருக்கப் பயன்படுத்த மட்டும் அனுமதி, கொடுப்பேன். ஒத்துக்கொள்ளவில்லையா, அந்த 40,000-ஐ விட்டுவிடுவேன். கஷ்டம்தான், எனக்குத் தெரியும். வக்கீலுக்கு ஒரு தடவை காட்டப் பணம் செலவானாலும் பரவாயில்லை, காட்டாமல் கையெழுத்து போடவே போடாதீர்கள்.

கேள்வி: மேடம், என் பையனுக்கு 17 வயது. பிளஸ் டூவோடு படிப்பை விட்டுவிட்டு இசைக்குப் போகிறேன் என்கிறான். ஒரு ஸ்டுடியோவில் ஒப்பந்தம் வேறு போடச் சொல்கிறார்களாம்.

பதில்: அம்மா, முதலில் அந்த ஒப்பந்தம். 18 வயது நிரம்பாதவர் போடுகிற ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது, அதனால் உங்களிடம்தான் கையெழுத்து கேட்டு வருவார்கள். மேலே சொன்னதையெல்லாம் நீங்களே படித்துப் பாருங்கள். படிப்பு விஷயத்தில், அவனைத் தடுக்காதீர்கள், ஆனால் இசையையே படிக்க வழி இருக்கிறது என்று சொல்லுங்கள். சென்னையில் ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் தாங்காது என்றால் மாலைக் கல்லூரியோ தொலைநிலைப் படிப்போ சேர்ந்துகொண்டு, லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிற இசை கிரேடு தேர்வுகளை ஊரிலிருந்தே ஒவ்வொன்றாக எழுதலாம். இன்னொன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அவன் செய்த பாட்டை ஒரு தடவையாவது ஹெட்போன் போட்டு முழுசாகக் கேட்டீர்களா? இன்றைக்குக் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பாட்டிஃபையில் மூன்று பாட்டு போட்டேன். ஒரு ரூபாய்கூட வரவில்லை.

பதில்: 2024-லிருந்து அங்கே ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1,000 தடவை ஓடியிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கே தொடங்கும். நண்பர்கள் கேட்டே அதை எட்டலாம், ஆனால் அதற்குப் பிறகும் தொகை சின்னதாகத்தான் இருக்கும், அதை நம்பி வேலையை விடாதீர்கள். வெளியிடுவதற்குக் குறைந்தது 7 நாள் முன்னால், முடிந்தால் நான்கு வாரம் முன்னாலேயே ஏற்றி, அவர்களின் எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்பிவிடுங்கள். அப்புறம் ஐ.பி.ஆர்.எஸ்-இல் உறுப்பினராகச் சேருங்கள். 1969-லிருந்து இருக்கிற அமைப்பு, இசையமைத்தவருக்கும் வரி எழுதியவருக்கும் சேர வேண்டிய ராயல்டியை வசூலித்துக் கொடுப்பது அதன் வேலை. பாட்டு முடிந்த அன்றைக்கே, டீ குடிக்கிற மேசையிலேயே, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டுவிடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்பு போய்விடும், நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

கேள்வி: இணையத்தில் ‘ஃப்ரீ பீட்’ எடுத்து ராப் பாடலாமா?

பதில்: பீட் என்கிற அந்தத் தயார் பின்னணி இசையில் பழகப் பாடுங்கள். வெளியிட வேண்டும் என்றால் லைசென்ஸை வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ‘ஃப்ரீ’ என்பது பெரும்பாலும் காசு பார்க்காத வரைக்கும்தான். அதே பீட்டில் இன்னும் நூறு பேர் பாடியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, ஸ்டுடியோவில் நன்றாகப் பாடுகிறேன், மேடை ஏறினால் சுருதி போய்விடுகிறது. கல்யாணக் கச்சேரிக்குப் போனால் பெயர் கெட்டுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: எந்தப் பெயர் கெடும்? நான் கற்றதில் முக்கால்வாசி கல்யாண வரவேற்பில்தான். மண்டபத்தில் மானிட்டர், அதாவது பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கர், வேலை செய்யாது, முதல் வரிசையில் குழந்தை அழும், மாப்பிள்ளையின் மாமா வந்து பாதிப் பாட்டில் வேறு பாட்டு கேட்பார். அதற்கு நடுவில் சுருதி பிடித்துப் பாடிவிட்டால் அப்புறம் எந்த மேடையும் பயம் காட்டாது. உங்களுக்குச் சுருதி போவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் குரலே உங்களுக்குக் கேட்காததுதான். ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டு தாளம் காட்டுகிற கிளிக் சத்தமும் உங்கள் குரலும் கொஞ்சமாகக் கேட்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு வாரம் அப்படியே நின்றுகொண்டு, நடந்துகொண்டு பாடிப் பழகுங்கள், உட்கார்ந்து பாடாதீர்கள்.

கேள்வி: நான் பெண், சேலம். கச்சேரி முடிய ராத்திரி ஒரு மணி ஆகிறது, பேமெண்டும் இழுத்தடிக்கிறார்கள். கேட்டால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்களோ என்று பயம்.

பதில்: கேளுங்கள் தங்கச்சி. தேதி ஒத்துக்கொள்ளும்போதே பாதி முன்பணம், மீதி கடைசிப் பாட்டுக்கு முன்னால், திரும்பி வர வண்டி அவர்கள் பொறுப்பு. இதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று அவர்கள் பதில் போட்ட பிறகு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் பேசியது விடிந்ததும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெரிய நிகழ்ச்சி என்றால் பத்து சதவீதம் டி.டி.எஸ், அதாவது சம்பளம் கொடுக்கும்போதே கழிக்கிற வருமான வரி, பிடித்திருக்கலாம், அது உங்கள் பணம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பக் கேளுங்கள். ஆரம்பத்தில் இப்படிக் கேட்டதற்காக என்னை இரண்டு குழுக்கள் கூப்பிடுவதை நிறுத்தின. மூன்றாவது குழு முன்பணத்தோடு வந்தது, அவர்களோடு ஆறு வருடம் வாசித்தேன்.